மூளை அலையும் உம்மாவின் கண்ணும்



சென்ற மாதம் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன்னர், மத்ரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்த வேளை. வெள்ளவத்தையில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கை கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டவர். அவரது கையில் நாலு வயது மகன். பிள்ளை எங்கள் எவரையும் பார்க்கவில்லை. மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"மௌலவி, இவன்ட மூளைய மெஷின்ல புடிச்சிப் பாத்தா ஓட்டிசமா இல்லையா எண்டு அப்படியே தெரியுமாம். என்ட காப்ப அடகு வெச்சாத்தான் அந்தக் காசு வரும். வெக்கவா, வாணாமா?" என்று கேட்டார் அந்தத் தாய்.

மார்க்கச் சட்டம் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்லிப் பழகிய எனக்கு, இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டேன். மருத்துவத் துறையிலுள்ள நண்பர்களிடம் கேட்டும், அவர்கள் தந்த ஆய்வுகளை வாசித்தும் அறிந்துகொண்டதை அவரிடம் சொன்னேன். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இம்மாதம் அதையே உங்களுக்கும் எழுதுகின்றேன்.

அதற்கு முன்னர் என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஓத வந்த ஒரு சிறுவன், மற்றப் பிள்ளைகள் ஒன்றாகச் சத்தமிட்டு ஓதத் தொடங்கினால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மூலையில் போய் ஒதுங்குவான். கலாமுல்லாஹ் ஓதும்போது காதைப் பொத்துகிறானே என்று நான் கோபப்பட்டேன். ஏசினேன். ஒரு நாள் அவனது கைகளைப் பிடித்து விலக்கவும் செய்தேன். அவன் அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு அவன் மத்ரஸாவுக்கு வரவில்லை. பல குரல்கள் ஒன்றாகச் சேரும் ஓசை சில பிள்ளைகளுக்கு வலியைப் போன்றது என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தித்தான். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

ஓட்டிசம் என்றால் என்ன?

தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். ஓட்டிசம் என்ற சொல்லே நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் புழங்குகிறது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இந்நிலை மருத்துவ உலகில் தனியாக அறியப்பட்டது. பிறரோடு உறவாடுவதிலும், பேச்சிலும் சைகையிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் சிரமம்; ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல்; ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை வேறு விதமாக உணர்தல். இவையே இதன் அடையாளங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவன் பேசவே மாட்டான். இன்னொருவன் பல்கலைக்கழகம் வரை போவான். இது மூளை வளர்கின்ற விதத்தில் உள்ள வேறுபாடு.

மூளை அலையைப் பிடிப்பது எப்படி?

நம் மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று மிகச் சிறிய மின்சாரத்தினால் பேசிக்கொள்கின்றன. லட்சக்கணக்கான கலங்கள் ஒரே நேரத்தில் பேசும்போது அதன் மெல்லிய சாயல் தலையின் தோல் வரை வந்து சேர்கிறது. அதன் அளவு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள்தான். கையில் பிடிக்கும் டோர்ச்சின் ஒரு பெட்டரி ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறிது என்று விளங்கும். ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிந்தார். 1929இல் உலகுக்கு வெளியிட்டார். இதைத்தான் ஈ.ஈ.ஜி. என்கிறோம்.

சோதனை எளிது. தலைத்தோலில் சிறு உலோக வில்லைகளைப் பசையினால் ஒட்டுவார்கள். வழக்கமான சோதனையில் ஏறத்தாழ இருபது வில்லைகள். அவற்றின் கம்பிகள் ஒரு கருவிக்குப் போகும். திரையில் அலைகள் ஓடும். தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் வினாடிக்கு நாலுக்கும் குறைவான மெதுவான அலைகள் அதிகம். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது 8 முதல் 13 வரை. விழிப்போடு வேலை செய்யும்போது அதைவிட வேகமான அலைகள்.

ஈ.ஈ.ஜி. இன்று செய்யும் வேலை

இந்தச் சோதனை இன்று நமது ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் பயன்படுவது வலிப்பைக் கண்டறியவே. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. 5,800க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வெளியானது. 2 முதல் 17 வயது வரையுள்ளோரில் சராசரியாக நூற்றுக்கு 12 பேருக்கும், 13 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 26 பேருக்கும் வலிப்பு இருந்ததாக அதில் கண்டார்கள். ஆகவே குமர்ப்பருவத்தை அடையும் பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை.

வலிப்பு என்றால் கை கால் இழுத்து நுரை தள்ளுவது மட்டுமல்ல. பிள்ளை சில வினாடிகள் அப்படியே உறைந்து வெறித்துப் பார்ப்பதும், கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் இருந்துவிட்டுப் பின் ஒன்றும் நடவாதது போலத் தொடர்வதும் வலிப்பாக இருக்கலாம். இதைக் கண்டால் "ஜின்னுப் பார்வை" என்று முடிவு கட்டிவிடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனப் பேச்சை இழந்தாலும் சொல்லுங்கள். அப்போது டொக்டரே ஈ.ஈ.ஜி. எழுதித் தருவார். அது வேண்டிய சோதனை.

ஆனால் வலிப்பின் சந்தேகம் எதுவும் இல்லாதபோது, ஓட்டிசமா இல்லையா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈ.ஈ.ஜி. எடுக்கும்படி மருத்துவச் சங்கங்கள் சொல்வதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும் இதுவே.

ஆய்வுக்கூடங்களில் நடப்பது

அப்படியென்றால் அந்தத் தாய் கேள்விப்பட்டது முழுப் பொய்யா? இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் பொஸ்ல், சார்ள்ஸ் நெல்சன், ஹெலன் டேகர்-ஃப்ளஸ்பெர்க் ஆகியோர் 188 பச்சைக் குழந்தைகளை மூன்று மாத வயதிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 99 பேர், ஓட்டிசம் உள்ள மூத்த சகோதரனையோ சகோதரியையோ உடையவர்கள். மூளை அலைகளின் சிக்கலான அமைப்பைக் கணினியால் அளந்து, பின்னாளில் எந்தப் பிள்ளைக்கு ஓட்டிசம் உறுதியாகும் என்பதை மிக உயர்ந்த அளவில் ஊகிக்க முடிந்ததாக 2018இல் எழுதினார்கள். சில வயதுகளில் நூற்றுக்கு 95ஐத் தாண்டியது.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்பார்ட்லண்ட் தலைமையிலான கூட்டு ஆய்வில் 6 முதல் 11 வயது வரையுள்ள, ஓட்டிசம் உள்ள 280 பிள்ளைகளையும் ஏனைய 119 பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். ஒரு மனித முகத்தைக் கண்டவுடன் மூளையில் ஓர் அலை எழுகிறது. ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் ஏறத்தாழ 170ஆவது பங்கில் அது வரும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் அது சராசரியாகச் சற்றுப் பிந்தி வருகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் இந்த அளவீட்டைத் தன் மதிப்பீட்டுத் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. மருந்து ஆய்வுகளில் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக வகுக்க உதவுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். தனியொரு பிள்ளைக்கு "ஆம்", "இல்லை" சொல்வதற்காக அல்ல.

வேர்ஜீனியாவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் யசித் ஜயவர்தன, சம்பத் ஜயரத்ன ஆகியோர் மார்க் ஜெய்ம் என்பவரோடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியில் போனது. ஓட்டிசத்தைக் கண்டறிய நிபுணர் பிள்ளையோடு பேசியும் விளையாடியும் பார்க்கும் நேரத்திலேயே அலைகளைப் பதிந்து, அவற்றைக் கணினியால் பிரித்தறிய முயன்றார்கள். நல்ல முயற்சி. ஆனால் பங்குபற்றிய பிள்ளைகளின் தொகை சிறியது.

நூற்றுக்கு 95 என்றால் போதாதா?

இங்கேதான் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 9,300 பிள்ளைகளில் 100 பேருக்கு ஓட்டிசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 சரியாகச் சொல்லும் கருவி ஒன்றும் கையில் இருக்கிறது. அந்த 100 பேரில் 95 பேரைக் கருவி பிடித்துவிடும். மீதி 9,200 பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேரை, அதாவது 460 பேரை, பிழையாகப் பிடிக்கும். ஆகமொத்தம் 555 வீடுகளுக்கு "உங்கள் பிள்ளைக்கு ஓட்டிசம்" என்று செய்தி போகும். உண்மையில் இருப்பது 95 பேருக்கு. ஆறு உம்மாமாரில் ஐந்து பேர் காரணமின்றி அழுவார்கள். பொஸ்டன் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே வாய்ப்பு அதிகமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். சாதாரண வீடுகளுக்கு அதே எண் பொருந்தாது.

இன்னொன்று. மூளை அலைகள் வாழும் சூழலுக்கேற்பவும் வேறுபடுகின்றன. 2010களில் தாரா தியாகராஜன் தலைமையிலான ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் குக்கிராமம் முதல் நகரம் வரை 48 ஊர்களில் சுமார் 400 பெரியவர்களின் அலைகளைப் பதிந்தார்கள். வருமானம், பயணம், மின்சார வசதி ஆகியவற்றோடு சேர்ந்து சில அலைகளின் வலிமையும் கூடிக் குறைவதைக் கண்டார்கள். அப்படியாயின் பொஸ்டன் பிள்ளைகளின் அலையை அளவுகோலாக வைத்துக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையை அளப்பது எப்படிச் சரியாகும்? நமது பிள்ளைகளை வைத்தே அளவு காண வேண்டாமா?

ஒரு முன்னுதாரணமும் உண்டு. கவனக்குறைவும் துருதுருப்பும் உள்ள பிள்ளைகளுக்காக ஓர் ஈ.ஈ.ஜி. கருவியை, டொக்டரின் பரிசோதனைக்குத் துணையாக மட்டும் பயன்படுத்த 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, 2016இல், அதை வைத்து வழமையான மருத்துவப் பரிசோதனையைக் கைவிட வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் சங்கம் எச்சரித்தது. அனுமதி பெற்ற கருவிக்கே இந்த நிலை.

ஆகவே அந்தத் தாயிடம், "காப்பை அடகு வைக்க வேண்டாம், மகளே. அந்தக் காசு பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்" என்றேன்.

நம் நாட்டில் நமக்கு இருப்பது

பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 இலங்கைப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாலு பிள்ளைகளுக்கு ஓட்டிசம் உறுதியானது. அதாவது 93 பேருக்கு ஒருவர். மேலே கணக்குக்கு நான் எடுத்தது இதைத்தான். இந்த ஆய்வில் இன்னொரு முக்கியமான விடயம் வெளிப்பட்டது. வெளிநாட்டுக் கேள்விப் பட்டியலை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது, அது நாலில் ஒரு பிள்ளையைத்தான் பிடித்தது. எது வழமைக்கு மாறானது என்பதை நமது தாய்மார் பார்க்கும் விதம் வேறு; இது பற்றிய அறிவும் குறைவு. "ஆம்புளப் புள்ள பிந்தித்தான் பேசுவான்", "இவன்ட வாப்பாவும் அப்படித்தான்" என்று நாம் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவதில்லையா?

அதே பேராசிரியரின் குழு பின்னர் 18 முதல் 48 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்காகப் படங்களைக் கொண்ட ஒரு முறையை உருவாக்கி 2017இல் வெளியிட்டது. கேள்வியோடு படத்தையும் காட்டும்போது "இதைத்தான் என் பிள்ளை செய்கிறான்" என்று தாய் அடையாளம் காண்கிறாள். இன்றைக்கு நம் கையிலுள்ள கருவி தாயின் கண்தான். அந்தக் கண்ணுக்கு எதைப் பார்ப்பது என்று காட்டிக் கொடுக்க வேண்டும்.

பாருங்கள்: ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது. ஒன்றரை வயதிலும் "அதோ நிலா" என்பது போல் விரல் நீட்டிக் காட்டாதது. இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது. கண்ணைப் பாராதது. கைகளை ஓயாமல் உதறுவது, பொருட்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பது. எந்த வயதிலாவது இருந்த பேச்சு இல்லாமற் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலே ஓட்டிசம் என்று பொருளல்ல. காட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

முதலில் உங்கள் பகுதி கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்ற சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். பொரளையில் 1895 முதல் இயங்கும் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியும், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயதி நிலையமும் கொழும்பாருக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. முடிவு வரும் வரை காத்திருக்காமல் வீட்டிலேயே பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள். போனையும் தொலைக்காட்சியையும் குறைத்து, அவன் பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.

டொக்டர் ஈ.ஈ.ஜி. எழுதித் தந்தால்

முதல் நாள் தலையைக் கழுவி உலர்த்துங்கள். எண்ணெய் பூச வேண்டாம்; வில்லை ஒட்டாது. தொடுகையை வெறுக்கும் பிள்ளையாயின் சில நாட்களுக்கு முன்பிருந்தே தலையில் தொப்பி போட்டும், பஞ்சினால் மெதுவாகத் தொட்டும் பழக்குங்கள். இரவு பிந்தித் தூங்க வைத்துக் கொண்டுவரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். தூக்கத்தில்தான் சில அலைகள் வெளிப்படும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். பருவமடைந்த பெண் பிள்ளைக்குப் பெண் உத்தியோகத்தர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம். கிடைக்காவிட்டால் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. சிகிச்சையின் தேவைக்காகத் தலை திறப்பதை மார்க்கம் தடுக்கவில்லை, தாய் உடனிருந்தால் போதும்.

குற்றம் யாருடையது?

அந்தத் தாய் போகும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். "மாமி செல்றாங்க, நான் வயித்துல ஈக்கும்போது கவலப்பட்டுக் கவலப்பட்டு அழுததாலதான் எண்டு. அந்த மெஷின்ல அதும் தெரியுமா மௌலவி?"

காப்பை அடகு வைக்கத் துணிந்தது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. பிள்ளையின் நிலையை அறிவதற்கு மட்டுமல்ல, தன்மீது விழுந்த பழியிலிருந்து விடுதலை கேட்டும் அவர் அந்த இயந்திரத்தைத் தேடியிருக்கிறார்.

சகோதரிகளே, ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே தாயின் பாசக் குறைவினால்தான் ஓட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். எத்தனையோ தாய்மாரின் மனங்கள் அதனால் நொறுங்கின. அந்தக் கருத்து கைவிடப்பட்டுவிட்டது. மூன்று மாதக் குழந்தையிலேயே மூளை அலையில் வேறுபாடு தெரியத் தொடங்குகிறது என்றால், வளர்ப்பில் குற்றம் காண இடமேது? பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதும் தெளிவாகியுள்ளது. பிள்ளையை இன்ன விதமாகப் படைப்பது அல்லாஹ்வின் நாட்டம். அதற்காக ஒரு பெண்ணைக் கூண்டில் நிறுத்த எந்த மாமிக்கும், எந்தக் கணவனுக்கும், எந்த மௌலவிக்கும் உரிமையில்லை.

ஓதிப் பார்ப்பதும் துஆ கேட்பதும் நம் வழக்கம், நல்லதே. ஆனால் மருத்துவம் தேடும்படி ஏவியவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். ஜின்னை விரட்டுவதாகச் சொல்லிப் பேசத் தெரியாத பிள்ளையை அடிப்பதும் புகை போடுவதும் அநியாயம். அதை நம்பி இரண்டு மூன்று வருடங்களை வீணாக்கினால், பயிற்சிக்கு மிகவும் உகந்த வயது கடந்துவிடும்.

அபஸ சூறா இறங்கிய காரணத்தை அறிவீர்கள். குறைஷித் தலைவர்களோடு நபியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் குறுக்கே வந்து கற்றுத் தரும்படி கேட்டார்கள். அதன் தொடர்பில் அல்லாஹ்வே வசனங்களை இறக்கினான். பின்னாளில் அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நபியவர்கள் வெளியூர் செல்லும்போது அங்கே பொறுப்பாளராகவும் இருந்தார்கள். தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபியவர்கள், ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாயின் தவிப்பை எண்ணிச் சுருக்கிக்கொள்வார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. அவர்களின் உம்மத்தாகிய நாம், கல்யாண வீட்டில் அலறும் பிள்ளையைக் கண்டதும் தாயை முறைக்கிறோம். காதைப் பொத்திய பிள்ளையின் கையை நான் பிடித்து இழுத்தேன்.

அந்தத் தாய் இப்போது கிளினிக்குக்குப் போய்வருகிறார். பிள்ளையின் காது சோதனை முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறதாம். அடுத்த தவணைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அவருடைய தாத்தா வந்து சொன்னார், மின்விசிறியைக் காட்ட முதன்முறையாக உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தானாம். பேச்சு இன்னும் வரவில்லை. காப்பு கையில்தான் இருக்கிறது.

அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கும், அவனைப் போன்ற பிள்ளைகள் அனைவருக்கும் நலம் தருவானாக. அவர்களைப் பெற்ற தாய்மாருக்குப் பொறுமையையும், சுற்றியிருக்கும் நமக்கு நல்ல புரிதலையும் தந்தருள்வானாக. ஆமீன்.